மூன்று சொடுக்கிகள்

ஏட்டுச்சுவடியோடு கொஞ்சமேனும் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அங்கே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. ரகரமும் நெடிலின் காலும் ஒரே கோடு. ஒரு கொம்பு, ஒரு தகரம், ஒரு கால் என்று மூன்று வடிவங்கள் அடுத்தடுத்து நின்றால் அதைத் தெர என்றும் தேர என்றும் தேர் என்றும் தொ என்றும் தோ என்றும் படிக்கலாம். எழுதியவன் மனத்தில் இருந்தது ஒன்று. படிப்பவன் முன் நிற்பவை ஐந்து. எதுகையையும் சீரையும் பொருளையும் வைத்து நான்கைத் தள்ளி ஒன்றைக் கொள்கிறோம். தள்ளுவதற்குக் காரணம் கிடைக்காத இடத்தில் பாடபேதம் என்று அடிக்குறிப்பிட்டு மேலே நடக்கிறோம். எம்.ஏ. வகுப்பில் ஆண்டுதோறும் நான் சொல்லிவரும் பாடம் இது. இதே வேலையை மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாத ஓர் உயிரின் முதுகை வைத்துக்கொண்டு செய்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பதை 2024 டிசம்பரில்தான் அறிந்தேன்.

பருவ விடுமுறையோடு ஈட்டிய விடுப்பையும் சேர்த்துக்கொண்டு இலண்டனில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாநகரத்தின் தென்கிழக்கு ஓரம், புரோம்லி வட்டாரம். தங்கை மகளுக்குப் பதினோரு வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேச வரும்போது பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். நான் போய் இறங்கிய மறுநாள் காலை, கைகள் விறைக்கும் குளிரில், வீட்டுக்குப் பின்னால் இருந்த மரவேலியின் முன் என்னை நிறுத்தி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை ஒன்றைக் கொடுத்தாள். "மாமா, கண்ணுக்கிட்ட வெச்சுக்கணும். அப்புறம் நீங்க வேலிகிட்ட போகணும். வில்லையை நகர்த்தக் கூடாது." தங்கை சன்னலைத் திறந்து, "அண்ணா, அவ சொல்றதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, சளி பிடிச்சுக்கும்" என்றாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வேலியின் பச்சைப் பாசியில் மஞ்சள் நிறத்தில் ஓர் உருண்டை மேய்ந்துகொண்டிருந்தது. கடுகில் பாதி இருக்கும். முகம் ஆட்டுக்குட்டியின் முகத்தைப் போல நீண்டு, இரண்டு உணர்கொம்புகள் நடுவில் முழங்கை மடித்ததுபோல் வளைந்து... நன்றாகப் பார்ப்பதற்குள் இல்லாமற் போயிற்று. பறக்கவில்லை, ஓடவில்லை. இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இதற்கு விசையும் வாலும் சேர்ந்த பெயர். ஆனால் அது வாலன்று. வயிற்றுக்கடியில் முன்னோக்கி மடித்துவைத்த இருகிளைக் கவை. அதைப் பிடித்துவைக்க ஒரு சிறு கொக்கி. கொக்கி விட்டதும் கவை தரையில் அறைகிறது. உடல் மேலே போகிறது. நான் "துள்ளுவால்" என்று சொல்லிப் பார்த்தேன். மருமகள் யோசித்துவிட்டு, விரல்களைச் சேர்த்து ஒரு சொடுக்குப் போட்டுக் காட்டினாள். "பாட்டி இதை என்ன சொல்வாங்க?" "சொடுக்கு." "அப்ப இது சொடுக்கி." கணினித் தமிழர்கள் சுட்டெலிக்கு இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நினைவு. இரண்டும் சிறியவை, பகிர்ந்துகொள்ளலாம். இந்தக் கட்டுரையில் சொடுக்கி என்றே எழுதுகிறேன்.

சொடுக்கிக்கு ஆறு கால் உண்டு. ஆனாலும் இன்றைய வகைப்பாட்டில் அது பூச்சி இல்லை. வாயுறுப்புகள் தலைக்குள் ஒடுங்கி இருப்பதாலும், வயிறு ஆறு கணுக்களுக்கு மேல் போகாததாலும், வயிற்றின் அடியில் குழாய்போல் ஓர் உறுப்பு இருப்பதாலும் அதைத் தனி வகுப்பாக வைத்திருக்கிறார்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன. குலமும் பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரின் பாறையில் ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சொடுக்கி ஒன்று கல்லாகிக் கிடைத்தது. 1926இல் அதற்கு ரைனியெல்லா பிரிகர்சர் என்று பெயரிட்டவர்கள் இருவர். ஹர்ஸ்ட் ஒருவர், மற்றவர் இலண்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய நம் நாட்டவரான சமரேந்திர மௌலிக். தொல்காப்பியத்தின் மரபியலில் எறும்பும் கறையானும் மூவறிவுயிர், நண்டும் தும்பியும் நாலறிவுயிர். கண்ணுள்ள சொடுக்கிகளும் உண்டு, மண்ணுக்கடியில் வாழும் கண்ணற்ற சொடுக்கிகளும் உண்டு. அந்தக் கணக்கில் ஒரே குலத்தை இரண்டு நூற்பாக்களில் பிரித்து வைக்க வேண்டியிருக்கும். இளம்பூரணர் என்ன செய்திருப்பாரோ!

இனி மருமகளின் பாடம். ஒன்றை அடையாளம் காண்பதென்றால் அது எவற்றைப்போல் இருக்கிறது என்று முதலில் பட்டியலிட வேண்டும் என்பது அவள் கொள்கை. வெளிவட்டத்திலிருந்து தொடங்கினாள். துள்ளுவதால் தெள்ளுப்பூச்சி என்று மக்கள் அஞ்சுகிறார்கள். தெள்ளு இரு பக்கமும் அமுக்கப்பட்டுத் தட்டையாக இருக்கும், பின்னங்கால்களால் துள்ளும், கடிக்கும். சொடுக்கி கடிக்காது, பூஞ்சையையும் பாசியையும் மக்கலையும் தின்னும். பழைய புத்தகங்களில் ஊரும் வெளிறிய நுண்பூச்சியோடும் அதைக் குழப்புவார்கள். அந்தப் பூச்சிக்கு வயிற்றடியில் கவை கிடையாது, ஓடத்தான் தெரியும். எங்கள் கல்லூரி நூலகத்தில் அவை ஏராளம் என்று சொன்னபோது அவள் என்னைப் பொறாமையோடு பார்த்தாள்.

அடுத்த வட்டம் சொடுக்கிகளுக்குள்ளேயே. நீண்ட உடலா, உருண்டை உடலா? நம்முடையது உருண்டை. உருண்டைகளிலும் பல குடும்பங்கள். நிறத்தை நம்பக்கூடாது, அளவை நம்பக்கூடாது. உணர்கொம்பைப் பார்க்க வேண்டும். கொம்புக்கு நான்கு கணுக்கள். கடைசிக் கணு நீண்டு, வளையம் வளையமாகப் பிரிந்திருந்தால் அது வேறு குடும்பம். ஆஸ்திரேலியாவில் குதிரைமசால் பயிரை மேய்ந்து உழவர்களை அழவைக்கும் பச்சைச் சொடுக்கி அந்தக் குடும்பத்தது. கடைசிக் கணு மூன்றாவதைவிடச் சிறியதாக, ஒட்டவைத்த மொட்டுப்போல் இருந்தால் அது டைசிர்டோமிடே குடும்பம். அந்த வேலிச் சொடுக்கிக்கு அப்படித்தான் இருந்தது. கருஞ்சிவப்பாகத் திரியும் டைசிர்டோமா ஃபஸ்காவும் அல்லக்மா ஃபஸ்காவும் முதற்பார்வைக்கு உடன்பிறப்புகள். பெயரின் பின்பாதிகூட ஒன்று. கொம்பின் கடைசிக் கணுவைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று உறவே தூரம் என்று விளங்கிவிடும். முகச்சாயலை வைத்துச் சம்பந்தம் பேசுகிற நம் ஊர் வழக்கம் இங்கே செல்லாது.

கடைசி வட்டத்தில்தான் வேலை நுணுக்கமாகிறது. டைசிர்டோமினா என்ற பேரினத்தில் அந்தத் தோட்டத்துக்கு வரக்கூடியவை மூன்று. சாண்டர்சி, ஆர்னாட்டா, மைனூட்டா. மூன்றும் உருண்டை, மூன்றுக்கும் மடிந்த கொம்பு, மூன்றும் மஞ்சளிலிருந்து பழுப்புவரை எந்த நிறத்திலும் வரும். மூன்றும் குளிர்காலத்தில் இலைக்குவியலிலும் வேலியிலும் கல்லறைக் கற்களிலும் ஒன்றாகவே மேயும். வேறுபாடு பின்பக்கத்தில் இருக்கிறது. பெரிய வயிற்றின் பின்சரிவில், நேர்பின்னாலிருந்து பார்த்தால், சாண்டர்சிக்கு மீன்முள்போல நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் குறுக்குக் கோடுகளும் தெரியும். மருமகள் அதைக் கடைச் சாமான்களில் அச்சிடும் பட்டைக்குறி என்பாள். ஆர்னாட்டாவுக்கு அதே இடத்தில் சட்டியில் அடிப்பிடித்ததுபோல் ஒரே கருந்திட்டு. மைனூட்டாவுக்குப் பெரிய திட்டு கிடையாது. இருந்தால் மெலிந்த ஒரு குறி. அவ்வளவே. முகம், கால், கண், நடை எல்லாம் காட்டித் தராத பெயரை அந்த ஒரு புள்ளியளவு இடம் காட்டித் தருகிறது.

அந்த இடத்தைப் பார்க்க விடுவதுதான் இல்லை. பின்னால் போய் வில்லையை வைத்தால் அது திரும்பிக்கொள்ளும். மூச்சுக்காற்றுப் பட்டால் சொடுக்கிவிடும். மைனூட்டாவின் துள்ளலை அமெரிக்காவின் வட கரோலினாவில் நொடிக்கு நாற்பதாயிரம் படங்கள் எடுக்கும் கருவியால் பதிவுசெய்து 2024இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள உடல் அறுபது மில்லிமீட்டருக்கு மேல் எழும்புகிறது. போகிற வழியில் நொடிக்கு 368 சுற்று என்ற வேகத்தில் பின்கரணம் அடிக்கிறது. ஆய்வாளர் தம் வீட்டுத் தோட்டத்துச் சருகிலேயே அதைப் பிடித்தாராம். கண்ணிமைக்க நேரமில்லாமல் அது மறைந்ததற்கு எனக்கு இப்படி ஓர் எண் கிடைத்தது.

மருமகளின் மேசையில் இதற்கென ஒரு நூல் இருந்தது. ஸ்டீவ் ஹாப்கின் எழுதிய பிரிட்டன், அயர்லாந்துச் சொடுக்கிகளின் அடையாளத் திறவு. இதுவா அதுவா என்று இரண்டிரண்டாகக் கேள்வி கேட்டு, விடைக்கு ஏற்ப அடுத்த கேள்விக்கு அனுப்பும் நூல். அவர் 2006இல் சாலை விபத்தில் இறந்தார். நூல் 2007இல் வந்தது. தான் அச்சில் பார்க்காத நூலின் வழியாக இன்றும் அவர் குழந்தைகளிடம் "கடைசிக் கணு நீண்டதா, குறுகியதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் அதை ஓர் இரவு முழுக்க வைத்துக்கொண்டு படித்தேன். உரையாசிரியர்களின் கறாரான மொழிக்குப் பழகியவனுக்கு அதில் ஒரு சுவை இருக்கிறது. ஒரு சொல்கூட அழகுக்காக இல்லை.

சாண்டர்சிக்கு அந்தப் பெயரை 1862இல் வைத்தவர் ஜான் லப்பக். வங்கிக்காரர், நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினுக்குப் பக்கத்து ஊர்க்காரர். இங்கிலாந்தில் வங்கி விடுமுறை நாள்களைச் சட்டமாக்கியவர் அவர்தான், 1871இல். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நம் பாடநூல்களில் வரும் பகுப்பின் மூலச்சொற்களை உருவாக்கியவரும் அவரே. சொடுக்கிக் குலத்துக்குக் கொலம்போலா என்ற பெயரும் அவர் தந்தது. பசை, ஆப்பு என்னும் பொருளுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. வயிற்றடிக் குழாயை மனத்தில் வைத்து ஆக்கியது. 1873இல் இக்குலத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். வாரத்தின் ஆறு நாளும் பணக்கணக்குப் பார்த்த ஒருவர், இரண்டு உருண்டைச் சொடுக்கிகள் எதிரெதிரே நின்று தலையால் முட்டிக் காதல் செய்வதை அந்நூலில் நெடுநேரம் நின்று வேடிக்கை பார்த்து எழுதியிருக்கிறார். நமக்கு வாய்த்த வங்கி அதிகாரிகளில் சிறுகதை எழுதியவர்கள் உண்டு. இந்த வகை இல்லை.

அதற்கு முன்பே மைனூட்டாவுக்கு 1783இலும் ஆர்னாட்டாவுக்கு 1842இலும் பெயர் வந்துவிட்டது. ஆனால் பெயர் வந்ததும் வழக்குத் தீர்ந்துவிடவில்லை. மூன்றையும் பிரிப்பதில் கோலத்துக்குத்தான் முதலிடம் என்பதால், இவை மூன்று இனங்களே அல்ல, ஒரே இனத்தின் மூன்று தோற்றங்கள் என்று இருபதாம் நூற்றாண்டில் சில அறிஞர்கள் கொண்டார்கள். இன்றைய நூல்கள் மூன்றாகவே எண்ணுகின்றன. புறநானூற்றில் ஒரே பெயருடைய புலவர் ஒருவரா இருவரா என்று நாம் அடித்துக்கொள்வது நினைவுக்கு வந்தது. அங்கே நமக்குப் புலவரைப் பிடித்துப் பின்பக்கம் பார்க்க வழியில்லை.

லப்பக்கின் பண்ணை வீடு இருந்த ஹை எல்ம்ஸ் அதே புரோம்லி வட்டாரத்தில்தான் இருக்கிறது. வீடு 1967இல் தீயில் போயிற்று. நிலம் பொதுப் பூங்காவாகிவிட்டது. ஜனவரி தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனோம். தங்கை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து குடுவையிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஒரு மரக்கைப்பிடியின் அடிப்புறத்தைத் தலைகீழாகக் குனிந்து ஆராய்ந்தோம். கடந்துபோனவர்கள் நாகரிகமாகப் பார்க்காததுபோல் போனார்கள். நான்கு கிடைத்தன. மூன்று ஐயமில்லாமல் சாண்டர்சி. மீன்முள் தெளிவாக இருந்தது. நான்காவது சற்றுச் சிறியது. அதன் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டியதுபோலும் இருந்தது, ஒரே திட்டு இன்னும் முழுமையாகக் கருக்காததுபோலும் இருந்தது. சொடுக்கிகள் முதிர்ந்த பின்னும் தோலுரித்துக்கொண்டே இருப்பவை. இளையவற்றில் கோலம் நிறைவாக அமைந்திராது. மருமகள் கைப்பேசியில் வில்லையைப் பொருத்திப் பதினேழு படம் எடுத்தாள்.

அவளிடம் ஒரு குறிப்பேடு உண்டு. நாள், இடம், எதன்மேல், எத்தனை, பெயர். அந்தப் பூங்காவில் அவளுக்கு ஆர்னாட்டா மட்டும் கிடைத்ததில்லை. பள்ளித் தோழி ஒருத்திக்குக் கிடைத்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய துன்பம் என்பது அந்த வயதைக் கடந்து வந்த எல்லாருக்கும் தெரியும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "மாமா, ஆர்னாட்டான்னு போட்டுடவா?" என்றாள். "போடலாமே. எதனாலேன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன். வாத்தியார் புத்தி. பதினேழு படத்தையும் மறுபடி பார்த்தாள். "ஆர்னாட்டா இல்லைன்னு சொல்லவும் ஒண்ணும் இல்லையே" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கடைசியில் பெயர்க் கட்டத்தில் டைசிர்டோமினா என்று மட்டும் எழுதினாள். இரண்டாம் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பென்சிலைக் கடித்தாள். பிறகு படுக்கப் போய்விட்டாள்.

நான் பதில் சொல்லாமல் இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் ஓர் அந்தாதியின் அச்சுப்படியை எடுத்து வந்திருந்தேன். எங்கள் மாவட்டத்து வீடொன்றின் பரணில் மூன்று தலைமுறையாகக் கிடந்த சுவடி. முதல் ஏடும் கடைசி ஏடும் இல்லை. ஆகவே ஆசிரியர் பெயர் இல்லை. பதிப்புச் செலவை ஏற்க முன்வந்த அமைப்பு ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெரும்புலவரின் பெயரை முகப்பில் போட வேண்டும் என்றது. "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு ஐயா? இல்லைன்னு உங்களாலே நிரூபிக்க முடியுமா?" என்று அவர்கள் கேட்டதற்கு நான் முன்னுரையில் விடை எழுத வேண்டும். மடக்கு ஒத்திருந்தது; தெய்வம் ஒத்திருந்தது; சொல்லாட்சியும் பெரிதும் ஒத்திருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் அந்தப் பயிற்சி பெற்ற எந்தப் புலவனுக்கும் ஒத்திருக்கக்கூடியவை அவை. உருண்டை உடலும் மடிந்த கொம்பும் போல. அந்தப் புலவருக்கே உரியவை என்று நான் சொல்லத் துணியும் இரண்டு மூன்று பழக்கங்கள் உண்டு. அவை இருக்க வேண்டிய இடங்களில் ஏடு செல்லரித்திருந்தது. இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆம் என்றும் சொல்ல முடியாது.

அந்த இரவு முன்னுரையை எழுதி முடித்தேன். ஆசிரியர் பெயர் அறியக்கூடவில்லை என்று எழுதி, ஒத்திருப்பவை எவை, அவை ஏன் போதா என்று இரண்டு பக்கம் விளக்கினேன். நான் ஊர் திரும்பிய வாரமே அமைப்பு விலகிக்கொண்டது. அதில் எனக்குக் குறையில்லை. அவர்கள் பணம், அவர்கள் விருப்பம். வருத்தம் சுவடி வைத்திருந்த பெரியவரைப் பற்றித்தான். எண்பதைத் தாண்டியவர். ஆண்டுதோறும் ஏடுகளுக்கு எண்ணெய் பூசிக் காத்தவர். "பேரு யாருதா இருந்தா என்ன வாத்தியாரே, நான் இருக்கும்போதே புத்தகமா வந்திருக்குமே" என்றார். நியாயமான பேச்சு. அதற்கு ஈடாகச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. வேறு வழியில் அச்சிட முயன்றுகொண்டிருக்கிறேன். அச்சுப்படி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெரியவர் இப்போது என் கைப்பேசி அழைப்பை எடுக்கிறார்; சில மாதங்கள் எடுக்கவில்லை.

மருமகள் தன் பதிவுகளை அந்நாட்டுச் சொடுக்கிகளுக்கென்றே நடக்கும் பதிவுத் திட்டத்துக்கு அனுப்பியிருந்தாள். மார்ச்சில் விடை வந்தது. மூன்று சாண்டர்சியையும் ஏற்றுக்கொண்டார்கள். நான்காவதை அவள் எழுதியபடியே பேரினத்தோடு விட்டிருந்தார்கள். "அவங்களுக்கும் தெரியலை மாமா" என்று தொலைபேசியில் சொன்னபோது அவள் குரலில் ஏமாற்றத்தைவிட ஒரு பெரிய மனுஷத்தனம்தான் இருந்தது.

2025 நவம்பரில், குளிர் தொடங்கியதும், ஒரு படம் அனுப்பினாள். அருமையான படம். கல்லறைக் கல்லின் விளிம்பில் மஞ்சள் உருண்டை ஒன்று நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொம்பின் மடிப்பும், கடைசிக் கணுவின் மொட்டும், கண்ணைச் சுற்றிய கருமையும் அத்தனை துல்லியம். கீழே தமிழில், எழுத்துப்பிழை இல்லாமல், "இது ஆர்னாட்டாவா?" என்று கேட்டிருந்தாள்.

"பின்பக்கம் எங்கே?" என்று எழுதினேன்.

"அதுக்குள்ள சொடுக்கிடுச்சு" என்று பதில் வந்தது.